வார்த்தை சொல்லுங்க, பிரதர்

எங்கள் வீட்டில் ஒரு வாள் இருந்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நான் ஏதோ சமையலறைக் கத்தியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உறையோடு நிறுத்தினால் அன்றைக்கு என் தோள் உயரம் வந்த நிஜ வாள். பிடியில் பித்தளைச் சிலுவை, உறையின் நுனியில் பித்தளைக் குப்பி. கூர் மட்டும் கிடையாது. அதை வைத்து ஒரு வாழைத்தண்டைக்கூட நறுக்க முடியாது.

செகந்திராபாத்தில் என்னோடு வளர்ந்து, இப்போது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு அல்வாலிலும், மாதாப்பூரில் பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளிலும் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காவது அது ஞாபகம் இருக்கும். பங்குத் திருநாளில் சப்பரத்துக்கு முன்னால், வெள்ளை இறகு வைத்த தொப்பியும் இடுப்பில் வாளுமாக ஒரு ஒல்லி மனிதர் விறைப்பாக நடந்து போவாரே, அவரைப் பார்த்து நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்களே, அவர்தான் என் அப்பா. சிரித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நானும் உங்களோடு சேர்ந்துதான் சிரித்தேன்.

சபையை மறந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தோடும் ரயிலோடும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள் தங்களுக்குள் ஒத்தாசைக்காக ஆரம்பித்த ஆண்கள் சபை அது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி தூக்கத் தோள் கொடுப்பார்கள், கல்யாணம் என்றால் பந்தி பரிமாறுவார்கள். ஆனால் நம் ஆட்கள் வெறுமனே ஒத்தாசை செய்துவிட்டுப் போய்விடுவார்களா? வெள்ளைக்காரர்களின் சங்கங்களைப் பார்த்துப் பதவி, பட்டை, பதக்கம் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். தலைவருக்குத் தோளிலிருந்து மார்புவரை இறங்கும் ஊதா வெல்வெட் பட்டை, ஜரிகைக் குஞ்சம், முனையில் வெள்ளிப் பதக்கம். உபதலைவருக்கு நீலப் பட்டை. செயலாளரின் பதக்கத்தில் இறகுப் பேனா, பொருளாளரின் பதக்கத்தில் சாவி. கோயிலை ஒட்டிய ஒரு அறையில்தான் கூட்டம். அது நடக்கும்போது கதவுக்கு உட்புறம் நிற்பவர் உள்காவலர். அவருக்கு ஒரு கறுப்புக் கோல். கதவுக்கு வெளியே, வராந்தாவில் நிற்பவர் வெளிக்காவலர். அவருக்குத்தான் வாளும் தொப்பியும்.

பார்ப்பதற்கு வெளிக்காவலர்தான் ராஜா மாதிரி இருப்பார். உண்மையில் பதவிகளில் கடைசிப் பதவி அதுதான். புதிதாகச் சேர்கிறவர் வெளிக்காவலராகத் தொடங்கி, வருடத்துக்கு ஒரு படியாக உள்ளே நகர்ந்து போக வேண்டும் என்பது வழக்கம். அப்பா மட்டும் மூன்று வருடமாக வெளியிலேயே நின்றார். உள்ளே போனால் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், அது தனக்கு வராது, நிற்பது வரும் என்பார். சேர்ந்த அன்று கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியதோடு சரி. கூட்டம் நடக்கும்போது அந்த அறை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்கு இது பெரிய மனக்குறை. எல்லோர் வீட்டுக்காரரும் உள்ளே உட்கார்ந்திருக்க, தன் வீட்டுக்காரர் மட்டும் பேங்க் வாட்ச்மேன் மாதிரி வாசலில் நிற்கிறாரே என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனாலும் கூட்டத்துக்கு முதல் நாள் பட்டையை இஸ்திரி போட்டு, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பவளும் அவள்தான். தொப்பி அப்பாவின் தலைக்கு ரொம்பப் பெரிது. உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்துத்தான் போடுவார். வெயில் நாளில் வியர்வையில் காகிதம் ஊறி, அச்சு மை நெற்றியில் இறங்கும். திருநாள் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் நெற்றியில் தலைகீழாகச் செய்தி வாசிக்கலாம்.

வாளைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, சைக்கிள் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு போவார். பின்னால் நான். ஒருமுறை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். வாளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்பா பதற்றப்படவில்லை. "சர்ச் கா ஹை, சாப்" என்றார், கோயிலுடையது என்று. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், தொப்பியிலிருந்த இறகைப் பார்த்தார், பிறகு போகச் சொல்லிவிட்டார்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். அந்த அறைக்குள் நுழைய ஒரு ரகசியச் சொல் உண்டு. எல்லோரும் அதை ‘வார்த்தை’ என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைவர் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் முடியும்போது ஒவ்வொருவர் காதிலும் சொல்லிக்கொண்டு வருவார். கடைசியாகக் கதவைத் திறந்து வெளியே வந்து அப்பாவின் காதில் சொல்வார். அதை எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. மறந்தவருக்கு இன்னொருவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. வெளிக்காவலர் கண்ணாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது. மறந்தவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்பாவுக்கு மறந்துவிடுமோ என்று பயம். சவரம் செய்யும்போதும் சைக்கிள் துடைக்கும்போதும் வாய்க்குள்ளேயே அதை முணுமுணுப்பார். நாங்கள் இருந்தது ஒரு ஓட்டு வீட்டில் ஒரே அறையுள்ள போர்ஷன். அதில் ரகசியம் வைக்க எங்கே இடம்? அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பள்ளிக்கூடமே போகாத தம்பிக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

அந்தப் போர்ஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை வந்தால் ஓடு மூன்று இடத்தில் ஒழுகும். ஒழுகாத இடத்தில் அம்மாவையும் தம்பியையும் படுக்க வைத்து, என்னைத் தையல் மிஷினுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். விடிவதற்கு முன் எழுந்து, சைக்கிளில் போய்க் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, ஊரின் மறுகோடியில் இருந்த ராமச்சந்திராபுரத்துக்குப் போவார். அங்கே பெரிய சர்க்கார் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். தொழிற்சாலையை ஒட்டியே குவார்ட்டர்ஸ் இருந்தது. அம்மா ஒரு ஞானஸ்நான விருந்துக்கு அங்கே போய்வந்ததிலிருந்து அதே பேச்சாக இருந்தாள். குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதாம், கொய்யா மரம் இருக்கிறதாம், சமையலறைக்குத் தனியாகக் கதவே இருக்கிறதாம். அந்தக் கதவைப் பற்றி மட்டும் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

அப்பா குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அதை ஒதுக்கும் கமிட்டியில் இருந்த பர்சனல் ஆபீசர் யார் தெரியுமா? எங்கள் சபையின் தலைவரேதான். பெரிய உடம்பு, பெரிய தலை, பெரிய குரல். அவரிடம் காதில் போட்டு வைக்கச் சொல்லி அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவை அரிப்பாள்.

"சபையில அவர் எனக்கு பிரதர். பிரதர்கிட்ட போய் வீடு கேக்கறதா?" என்பார் அப்பா.

"பிரதர்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்பாங்க?" என்பாள் அம்மா. எனக்கு அம்மா சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

முதல் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு மாலை. கோயிலில் ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் பட்டை அணிந்து உள்ளே போய்விட்டார்கள். நான் வழக்கம்போல வராந்தா பெஞ்சில் பன்னுக்காகக் காத்திருந்தேன். தலைவர் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஊதாப் பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வேகமாக வந்தவர், அப்பாவின் காதருகே குனிந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"போன தடவை நான்தானே கொடுத்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வாள் கதவுக்குக் குறுக்கே அப்படியே இருந்தது.

"வார்த்தை சொல்லுங்க, பிரதர்."

அப்பா அவரை பிரதர் என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். சபைக்குள் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் அழைக்க வேண்டும். ஆனால் தொழிற்சாலையில் சார் என்று அழைக்கும் மனிதரை எப்படி பிரதர் என்பது என்று தெரியாமல், அப்பா அவரிடம் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டிவந்தார். கூப்பிட வாய் வந்த நேரத்தைப் பாருங்கள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். சூசையப்பர் என்றார், அந்தோணியார் என்றார், செபஸ்தியார் என்றார், அந்தோணியாரை மறுபடியும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையை ஆட்ட, தொப்பியில் இறகு இடமும் வலமும் ஆடியது. நான் மட்டும் இடையிடையே ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று சொல்லியிருந்தால் முழு மன்றாட்டு மாலையே ஆகியிருக்கும்.

கடைசியில் அவர் குரல் இறங்கியது. டெல்லிக்கு ஆபீஸ் வேலையாகப் போய் நேற்றுதான் திரும்பியதாகவும், தலைக்குள் ஃபைலைத் தவிர ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பிறகு, "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை. ஆனாலும் கொய்யா மரம், குழாய், கதவு எல்லாம் ஒரே நிமிடத்தில் மழைத் தண்ணீரோடு ஓடிப்போவதைப் பார்த்தேன்.

"தெரியும். போன மாசம் பென்சன் தாத்தாவை இதே பெஞ்சுல உக்கார வச்சேன். அவரையும் எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

பென்சன் தாத்தா என்பது ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு கிழவர். போன கூட்டத்துக்குக் கைத்தடியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்து, வார்த்தையை மறந்து, வெளியிலேயே இருந்துவிட்டுப் போனவர். தலைவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு என் பக்கம் லேசாக எழும்பியது.

உள்காவலர் கதவை ஒரு கீற்றாகத் திறந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். தலைவர் வெளியே இருக்கிறார், வார்த்தை இல்லை என்றார் அப்பா. கதவிடுக்கில் தெரிந்த ஒற்றைக் கண் பெரிதானது. உபதலைவரே ஆரம்பிக்கட்டும் என்று தலைவர் பெஞ்சிலிருந்தே சொல்லி அனுப்பினார். உபதலைவர் கோழிக்குஞ்சுக்கும் வழிவிட்டு நடக்கும் சாது. முதல்முறையாகக் கையில் தலைவரின் சுத்தியல் கிடைத்ததும் மேசையில் போட்டார் பாருங்கள் ஒரு போடு, வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் துள்ளிவிட்டோம்.

மழை நிற்கவில்லை. தலைவர் ஈரமான பட்டையைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த வகுப்பு என்று கேட்டார், வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பாய் என்று கேட்டார். தையல் மிஷினின் மிதியில் உட்கார்ந்து என்றேன். தூங்குவதும் அதற்கு அடியில்தான் என்றேன். கேட்காததையும் சொன்னேன்: "மழை பெஞ்சா அப்பா உக்காந்துட்டே தூங்குவாரு."

அப்பா போதும் என்றார். தலைவர் அவர் பக்கம் திரும்பி, குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போடவில்லையா என்று கேட்டார்.

"போட்டிருக்கேன் சார். அதை இங்க பேச வேணாம். இங்க நான் காவல்ல இருக்கேன்."

பிரதர் மறுபடியும் சார் ஆகிவிட்டதைக் கவனித்தேன். சிரித்துப் பேசும் மனிதரிடம் இப்படியா பேசுவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வார்த்தைதான் எனக்குத் தெரியுமே. அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நான் மெல்ல நகர்ந்து தலைவரின் காதுப் பக்கம் எம்பினேன்.

அவர் தன் பெரிய கையை என் வாய்க்கு முன்னால் நீட்டித் தடுத்தார். என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"உனக்குத் தெரியும்னு தெரியுது. நக்கோம்மா, வேணாம். நீ சொன்னா உங்கப்பா என்னை உள்ளே விட்டாகணும். அப்புறம் அவருக்குத் தூக்கம் வராது."

கூட்டம் முடியும்வரை அவர் அங்கேயே இருந்தார். தன் பன்னையும் எனக்கே கொடுத்தார். இரண்டு பன் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அம்மா சாதம் போட்டுக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளும் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு அப்பாவோடு பேச்சே இல்லை. எதையும் தம்பியிடம் சொல்வதுபோல்தான் அப்பாவுக்குச் சொல்வாள். "உங்கப்பாவைக் குளிக்கச் சொல்லுடா, தலைவரைத் தடுத்து நிறுத்தின உடம்பு வலிக்கும்."

பங்கு முழுக்க இதே பேச்சு. வாசல்காரனுக்கு வாள் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை என்றார்கள் சிலர். ஆபீசரை அவமானப்படுத்தியவனுக்கு வீடு எங்கே கிடைக்கும், வடக்கே எங்காவது மாற்றல்தான் கிடைக்கும் என்றார்கள் மற்றவர்கள். அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் சரியாக வந்தார், எப்படியோ ஞாபகப்படுத்திக்கொண்டு அப்பாவின் காதில் வார்த்தையைச் சொன்னார், முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். நான் சொன்னதைக் கேட்டு, கோபம் ஆறவில்லை என்று அம்மா முடிவு கட்டினாள். காவலில் இருப்பவரிடம் வேறு பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதும் சபை விதிகளில் ஒன்று என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பழைய வார்த்தைக்குக் காலம் முடிந்தபோது, வழக்கத்தை மீறி அதே வார்த்தையையே அடுத்த மூன்று மாதத்துக்கும் அவர் கொடுத்தார். அதுவும் குத்திக்காட்டத்தான் என்றார்கள்.

மழைக்காலம் முடியும் சமயம், அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், பேண்ட் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி இதுதானே வீடு என்று கேட்டார்கள். ஒருவர் அண்ணாந்து அலமாரியின் உச்சியைக் கையால் காட்டி இன்னொருவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அங்கேதான் வாள் இருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. பதவியைப் பிடுங்கிக்கொண்டு வரச் சபை ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, விரிப்பில் சுற்றிய வாளை இறக்கி, முன்னால் நின்றவர் கையில் வைத்தாள். தொப்பியையும் அதன் மேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. மூணு வருஷம் மழையிலயும் கொசுவிலயும் நின்னாரு. ஒரு நாள் உக்காரல. ஒருத்தரைத் தப்பா உள்ளே விடல. அதைப் போய் உங்க தலைவர்கிட்ட சொல்லுங்க."

அத்தனை நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தவள் பேசிய பேச்சு இது. அந்த மனிதர் விரிப்பைப் பிரித்தார். உள்ளே வாளைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். "ஏமம்மா இதி?" இது என்னம்மா என்று அவர் தெலுங்கில் கேட்டபோது குரல் கம்மியிருந்தது. அவர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள். குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துவரக் கமிட்டி அனுப்பியிருந்தது. அலமாரிக்கு மேலே அவர் காட்டியது கூரையிலிருந்து ஒழுகிய கறையை. அம்மா ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பேர், எங்கே படுப்பீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு நான்தான் மிஷினுக்கு அடியில் புகுந்து படுத்துக் காட்டினேன்.

திருவருகைக் காலம் தொடங்கியபோது வீடு ஒதுக்கிய தகவல் வந்தது. அம்மா அழுதாள், சிரித்தாள், அப்பாவிடம் நேரடியாகப் பேசினாள். தலைவர் மனம் இரங்கிவிட்டார் என்று சொல்லி, கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கல்கல் பலகாரம் செய்து ஒரு டப்பாவில் அடைத்து வைத்தாள். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ராமச்சந்திராபுரம் போய்விட்டால் ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு வந்து திரும்ப பஸ் கிடையாது. வாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவரே புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அதைத் தேய்த்தார்.

கடைசிக் கூட்டத்தன்று நாங்கள் போனபோது தலைவர் எங்களுக்கு முன்பே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். மார்பில் ஊதாப் பட்டை இல்லை. அதை உபதலைவருக்குப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டாராம். அப்பாவிடம் கையை நீட்டி வாளை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். தொப்பியை வாங்கி, உள்ளே இருந்த காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, தலையில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தியது.

அப்பா பதறிப்போனார். நீங்கள் வெளியே நிற்பதா, நான் போய் உள்ளே உட்காருவதா என்று தடுமாறினார்.

"எனக்கு வெளிய நின்னு பழக்கம்தான். கமிட்டியில உங்க பேர் வந்தப்போ எழுந்து போயிட்டேன். அவர் சபையில எனக்குத் தம்பி, நான் இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, கதவுக்கு வெளிய காரிடார்ல நின்னேன். உள்ள என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. வீடு கொடுத்தது அவங்க."

நான் அம்மா கொடுத்துவிட்ட கல்கல் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வயதில் எனக்கு அவர் சொன்னது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு பெரிய மனிதர் நமக்கு உதவி செய்தார் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போயிற்றே என்று நினைத்தேன். என் சொந்த உத்தியோக காலத்தில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் கைகட்டி நின்ற பிறகுதான், எழுந்து வெளியே போன அந்த மனிதரை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

தலைவர் வாளை உருவிக் கதவுக்குக் குறுக்கே பிடித்தார்.

"வார்த்தை சொல்லுங்க, பிரதர்."

அப்பா முதலில் சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டார். மறந்துவிட்டாரோ என்று எனக்குப் படபடத்தது. மறக்கவில்லை. எம்பி, தலைவரின் காதில் சொன்னார். தலைவர் வாளின் பிடியால் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, அப்பா உள்ளே போனார், கதவு மூடியது.

கூட்டம் முடியும்வரை தலைவர் விறைப்பாக நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் அங்கிள் என்று நான் சொன்னதற்கு, காவலில் இருப்பவர் உட்காரக் கூடாது என்றார். கல்கல் மட்டும் இடது கையால் வாங்கித் தின்றார். தாமதமாகப் பென்சன் தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். தொப்பிக்கு அடியில் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தார், குழம்பினார், ஆனால் வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆறு மாதமாக ஒரே வார்த்தையாக இருந்தால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?

திரும்பும்போது சைக்கிளின் குறுக்குக் கம்பி காலியாக இருந்ததால் நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றார். கொஞ்ச தூரம் மிதித்த பிறகு அவராகவே சொன்னார்: "ஃபேன் இருக்கு. எல்லாருக்கும் நல்லா காத்து வருது."

இப்போது அந்தச் சபை இல்லை. அறை ஞானோபதேச வகுப்பாகிவிட்டது. வாள் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். குவார்ட்டர்ஸுக்குப் போன அடுத்த வருடம் முதல் மழை வந்தபோது, அப்பா இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலையில் தூங்கிக்கொண்டிருந்தார். கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "படுங்க. இங்க ஒழுகாது" என்றாள். அப்பா காலை நீட்டிப் படுத்தார். மத்தியானம்வரை தூங்கினார்.

எல்லாவற்றையும் சொன்னாய், அந்த வார்த்தை என்ன என்று மட்டும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தம்பிக்கும் இருக்கிறது, ஆனால் ஃபோனில்கூட நாங்கள் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. நக்கோ. நான் சொன்னால் அப்பா உங்களை உள்ளே விட்டாக வேண்டும். அப்புறம் அவருக்குத் தூக்கம் வராது.